அப்பாவின் உயில், எக்ஸிகியூட்டர் சித்தப்பா: கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக அர்த்தமா?

கேள்வி: பெரம்பூர்ப்பெண்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். வீட்டு விஷயத்தை வெளியே பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வீட்டுக்குள் பேசிப் பார்த்துப் பலனில்லாமல்தான் இங்கே வருகிறேன்.

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 2022 மார்ச் 11 அன்று காலமானார். அம்மா 2016-லேயே போய்விட்டார். அப்பா விட்டுப்போன உயில் ஒரே ஒரு தாள்தான், முன்னும் பின்னும். முறையாகப் பதிவு செய்தது. 1987-இல் அவரே கட்டிய பெரம்பூர் வீட்டை விற்று அண்ணன், நான், தங்கை மூவரும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் நகை 42 பவுன் பெண்கள் இருவருக்கும். கடைசி நான்கு ஆண்டுகள் சம்பளத்துக்கு இருந்து அப்பாவைக் கவனித்துக்கொண்ட அம்மாளுக்கு 2 லட்சம் ரூபாய். இவற்றை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டர் பொறுப்பு அப்பாவின் தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு. ‘என் தம்பி நியாயஸ்தன், அவன் சொல்வதை என் பிள்ளைகள் கேட்டு நடக்க வேண்டியது’ என்று ஒரு வரி வேறு. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக எங்கள் வாயை அடைத்து வருகிறார்.

உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, நாங்கள் மூவரும் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, 2023 ஆகஸ்டில் சித்தப்பா பெயரில் புரொபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) கிடைத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கீழே தையல் கடை, வாடகை 14,000. மாடியில் ஒரு குடும்பம், 9,500. மாதம் 23,500 என்று ஏப்ரல் 2022 முதல் போன மாதம் வரை நாற்பது மாதங்கள். 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஒரு துண்டுச் சீட்டுகூட நாங்கள் பார்த்ததில்லை.

மே மாதம் கும்பகோணத்தில் உறவினர் வீட்டு அறுபதாம் கல்யாணம். நான் தஞ்சாவூரில் இருப்பதால் முதல் நாளே போய்விட்டேன். பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை. பாயசம் வரும் வரை காத்திருந்து, மெதுவாகத்தான் கேட்டேன்: “சித்தப்பா, வாடகைக் கணக்கை ஒரு தடவை பார்க்கலாமா?” இலையை மூடிவிட்டார். “உன் அப்பன் என்னை நம்பி எழுதினான். நீ சந்தேகப்படுகிறாய்” என்று எழுந்துபோனார். அன்றிலிருந்து சித்தி என் போனை எடுப்பதில்லை. மஸ்கட்டில் இருக்கும் தங்கையிடம், நான் பந்தியில் வைத்து அவரைத் திருடன் என்று சொன்னதாகச் செய்தி போயிருக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று. சித்தப்பாவின் மருமகன் வீட்டை 1 கோடியே 5 லட்சத்துக்குத் தானே வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அதே தெருவில் அதைவிடச் சின்ன மனை 1 கோடியே 30 லட்சத்துக்குப் போனது எனக்குத் தெரியும். நகையோ வங்கி லாக்கரில். லாக்கருக்கு அண்ணன் நாமினி. “நாமினி நான்தான், நகை என் பொறுப்பு” என்கிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா? மருமகனுக்கு விற்பதைத் தடுக்க முடியுமா? சித்தப்பாவை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்க முடியுமா?

பதில்: நேர்பட_பேசு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்பது லட்சத்தை விழுங்கியிருக்கிறார். நம்பிக்கை மோசடி என்று போலீசில் புகார் கொடுங்கள். ஸ்டேஷனுக்கு ஒருமுறை கூப்பிட்டால் கணக்கு தானாக வரும்.

பதில்: பாரிமுனைக்_குமாஸ்தா

மேலே உள்ளவர் சொன்னதை இப்போதைக்குக் கேட்காதீர்கள், அம்மா. பாரிமுனையில் 31 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். போலீசுக்குப் போன பாகப்பிரச்சினை கட்டுகளை என் கையால் தூக்கி வைத்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். பணம் எங்கே போனது என்று தெரிவதற்கு முன்பே ‘மோசடி’ என்று எழுதிக் கொடுத்தால், பிறகு கணக்கு சரியாக இருந்தாலும் அவர் காட்ட மாட்டார்.

கணக்குக் கேட்க உரிமை உண்டா என்கிறீர்கள். நீங்கள் கேட்கவே தேவையில்லை, அவர் கொடுத்திருக்க வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 317. புரொபேட் கிடைத்து ஆறு மாதத்துக்குள் இறந்தவருடைய சொத்து, கடன், வரவேண்டியது எல்லாவற்றுக்கும் பட்டியலும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கும் அந்த நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் தேதிப்படி பட்டியல் 2024 பிப்ரவரியிலும், கணக்கு 2024 ஆகஸ்டிலும் வந்திருக்க வேண்டும். புரொபேட் தாளை எடுத்துப் பாருங்கள், இந்தக் கெடு அதிலேயே அச்சாகியிருக்கும். யாரும் அந்த இடத்தைப் படிப்பதில்லை. தாளை லாமினேட் செய்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே இது சந்தேகம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. ராமரே எக்ஸிகியூட்டராக இருந்தாலும் கணக்கு வைத்தாக வேண்டும். சித்தப்பாவிடம் இதை இப்படியே சொல்லலாம்: “நான் கேட்கவில்லை சித்தப்பா, கோர்ட் கேட்கிறது.”

மருமகன் விஷயத்தில் கவனம் வேண்டும். உயிலில் தடை எதுவும் இல்லாவிட்டால், எக்ஸிகியூட்டர் வீட்டை விற்க உங்கள் கையெழுத்தும் வேண்டாம், நீதிமன்ற அனுமதியும் வேண்டாம். இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் எக்ஸிகியூட்டரே நேரடியாகவோ மறைமுகமாகவோ அந்தச் சொத்தை வாங்கினால், பாத்தியதை உள்ள யாரும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். மருமகன் தன் சொந்தப் பணத்தில் வாங்கினால் அது தானாகச் செல்லாமல் போகாது. மாமனாரின் பணம் மருமகன் பெயரில் வந்தால்தான் சங்கதி வேறு. விலை குறைவு என்பதும் தனிக் காரணம். குறைத்து விற்று நஷ்டம் ஏற்படுத்தினால் அந்த நஷ்டத்துக்கு எக்ஸிகியூட்டர் தன் கையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்கள். மாதம் ஒருமுறை வில்லங்கச் சான்றிதழை ஆன்லைனில் போட்டுப் பாருங்கள், ஏதாவது பதிவானால் தெரிந்துவிடும்.

நீக்க முடியுமா? முடியும், உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. வேண்டுமென்றே கணக்குத் தாக்கல் செய்யாதிருப்பது புரொபேட்டையே ரத்து செய்யவும் ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்பு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், நீங்களே கையால் எழுதியது. வக்கீல் நோட்டீஸ் இரண்டாவதாக இருக்கட்டும். அவசரமும் வேண்டாம், எக்ஸிகியூட்டர் மீது உயில்வழிப் பங்குக்கு வழக்குப் போட, பங்கு கொடுபட வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது.

நாமினி கதையை விடுங்கள். நாமினி என்பவர் வாங்கி வைத்திருப்பவர், சொந்தக்காரர் அல்ல. இன்ஷூரன்ஸ் பணம் பற்றிக்கூட உச்ச நீதிமன்றம் 1983-இல், அன்றைய சட்டப்படி, அப்படித்தான் சொன்னது.

ஆனால் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த நகை அம்மாவுடையது என்கிறீர்கள். அம்மா உயில் எழுதினாரா?

பெரம்பூர்ப்பெண்

மிக்க நன்றி ஐயா. புரொபேட்டை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். நீங்கள் சொன்ன கெடு அப்படியே இருக்கிறது. (லாமினேட் செய்ததும் உண்மைதான், நானே செய்தேன்.)

அம்மா உயில் எதுவும் எழுதவில்லை. பாதி நகை பாட்டி போட்டது, பாதி அம்மா சீட்டுக் கட்டி வாங்கியது.

பதில்: பாரிமுனைக்_குமாஸ்தா

அப்படியானால் சொல்வது கசப்பாக இருக்கும். அந்த 42 பவுனை எழுதிவைக்க உங்கள் அப்பாவுக்கு முழு உரிமை இல்லை. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து கணவருக்கும் மகன், மகள்களுக்கும் சமமாகப் போகும். 2016-இல் நான்கு பங்கு. அப்பாவுக்கு 10.5, உங்கள் மூவருக்கும் தலா 10.5 பவுன். அப்பா உயிலில் எழுதக்கூடியது அவருடைய பத்தரைப் பவுன் மட்டுமே. அதை நீங்கள் இருவரும் பிரித்தால் தலா 15.75, அண்ணனுக்கு 10.5. அண்ணன் லாக்கர் சாவியை விடாததற்குக் காரணம் நாமினி என்பதாக இருக்காது. யாரோ வக்கீல் அவருக்கு இதைச் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு அந்த வக்கீல் மீதியைச் சொன்னாரா என்பது தெரியாது. ஒருவர் தன் உயிலில் இன்னொருவருடைய பொருளையும் எழுதிவைத்து, அதே உயிலில் அந்த இன்னொருவருக்கு வேறு ஒன்றையும் கொடுத்திருந்தால், அவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உயிலை ஒப்புக்கொண்டால் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நகையில் என் பங்கு என்று நின்றால் வீட்டில் மூன்றில் ஒரு பங்கை விட வேண்டிவரும். பத்தரைப் பவுனுக்காக யார் வீட்டை விடுவார்கள்? இதை வக்கீலிடம் உறுதி செய்துகொண்டு, அண்ணனிடம் சண்டையாக இல்லாமல் சொல்லுங்கள்.

பதில்: அத்தை_மருமகன், மதுரை

குமாஸ்தா ஐயா சட்டம் சொல்லிவிட்டார். நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. கொழுந்தன் பிள்ளைகள் ஐந்து பேருக்குச் சொத்தை எழுதிவிட்டு என்னை எக்ஸிகியூட்டராகப் போட்டுவிட்டார். எனக்கு ஒரு வெள்ளித் தட்டு. அதற்காக நான் இழந்தது இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

முதல் நாளிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னில் எல்லா ரசீதையும் போட்டுவைத்தேன். மயானத்தில் வெட்டியாரிடம் கொடுத்த பணத்துக்கு யார் ரசீது தருவார்? ஒரு காகிதத்தில் எழுதித் தேதி போட்டு, பக்கத்தில் நின்றவரிடம் கையெழுத்து வாங்கிவைத்தேன். ஆட்டோ, ஜெராக்ஸ், நோட்டரி, கார்ப்பரேஷன் வரி, போர் மோட்டார் காயில் கட்டியது, எல்லாம். கடைசியில் ஐந்து பேரையும் உட்காரவைத்துக் கணக்கை வாசித்தேன். மூத்தவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “டீ 60 ரூபாயா? எத்தனை பேர் குடித்தீர்கள்?” எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. உங்கள் சித்தப்பா இலையை மூடிய அந்த நிமிஷம் எனக்குப் புரிகிறது. அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. கணக்கு எழுதாமல் விட்டவருக்கு, கணக்கு என்ற சொல்லே அடிக்கிற மாதிரி இருக்கும். எழுதத் தெரியாமல் விட்டாரா, எழுத முடியாமல் விட்டாரா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்குமே? கணக்கைக் கொடுங்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, நான் வந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்ய அவருக்கே அது தேவை. நான் இருந்த நிலையில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட அம்மாள் ஒரு வரியில் வந்தார், பிறகு காணவில்லை. அவருடைய 2 லட்சத்தைக் கொடுத்தாயிற்றா?

பெரம்பூர்ப்பெண் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். ‘கோர்ட் கேட்கிறது’ என்ற வரியையும், ‘நான் வந்து எழுதித் தருகிறேன்’ என்ற வரியையும் சேர்த்தே எழுதினேன். எட்டாம் நாள் சித்தியே போன் செய்தார். “வருகிறாயா, சமைக்கட்டுமா” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் உட்கார்ந்தோம். சித்தப்பாவிடம் இருந்தது ஒரு பழைய காலண்டர் கட்டு. நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் வாடகை வந்த தேதி, கொடுத்த செலவு எல்லாம் பென்சிலில். அவர் தமிழாசிரியராக இருந்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, கூட்டல்தான் இல்லை. வாடகைப் பணமும் அவருடைய பென்ஷனும் ஒரே சேமிப்புக் கணக்கில். இது தவறு என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

கணக்கு இதுதான். வரவேண்டியது 9,40,000. தையல்காரர் பதினோரு மாதம் தரவில்லை, 1,54,000. அவருக்குக் கண் ஆபரேஷன், கேட்க மனம் வரவில்லையாம். ஆக வந்தது 7,86,000. புரொபேட் வழக்குச் செலவு 1,12,000. மொட்டைமாடி ஒழுகல் பழுது 1,38,000. சொத்துவரி, குடிநீர் வரி 61,400. மீதி 4,74,600 இருக்க வேண்டும். பாஸ்புத்தகத்தில் அவர் பென்ஷன் போக இருப்பது 1,12,000.

நான் ஒன்றும் கேட்கவில்லை. காலண்டர்த் தாளில் 2023 தீபாவளிக்கு முந்தின வாரம், ‘பெரியவன் 3,00,000’ என்று இருந்தது. அண்ணன். கடையில் நஷ்டம், வட்டிக்காரர்கள் வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். “உன் தங்கைகளுக்குத் தெரிய வேண்டாம்” என்று சித்தப்பா வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மூன்று ஆண்டு நான் ஒருவரைச் சந்தேகப்பட்டேன், அவர் இன்னொருவரை மறைத்துக்கொண்டு நின்றார். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. அது எங்கள் மூவர் பணம். அதையும் சொன்னேன். அழுதார். சித்தி எழுந்து உள்ளே போய்விட்டார்.

இன்னும் 62,600 ரூபாய்க்கு இருவருக்குமே விடை தெரியவில்லை. பென்ஷனிலிருந்து தந்துவிடுவதாகச் சொல்கிறார். தங்கையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். மருமகன் சொந்தக் கடனில்தான் வாங்க நினைத்தாராம். மதிப்பீட்டு அறிக்கை வரட்டும், அந்த விலைக்கு வாங்குவதானால் வாங்கட்டும் என்று பேசியிருக்கிறோம். அண்ணனிடம் நகை விஷயத்தைச் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சாவி உன் அண்ணியிடம் இருக்கிறது” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் புரியவில்லை.

மதுரைக்காரர் கேட்டது சுட்டது. அந்த அம்மாளுக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை, வீடு விற்ற பிறகு கொடுக்கலாம் என்று சித்தப்பா நினைத்திருக்கிறார். அந்த அம்மாள் வியாசர்பாடியில் இருக்கிறார். போன் செய்தேன். உயிலில் தன் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட கடைசி மாதத்துக்கு அவருடைய சம்பளம் வந்ததா என்று கேட்டேன். “அதைச் சின்ன ஐயா பதினாறாம் நாளே கொடுத்துவிட்டார்” என்றார். சித்தப்பா காலண்டரில் தேடினேன், இருந்தது, 2022 மார்ச் 26.

வீடு விற்கும் வரை அவரைக் காக்கவைக்க வேண்டுமா, இல்லை இருக்கிற பணத்திலிருந்து இப்போதே கொடுக்கலாமா? அண்ணன் எடுத்த 3 லட்சத்தை எப்படிக் கழிப்பது?

பதில்: பாரிமுனைக்_குமாஸ்தா

முதலில் அந்த அம்மாள். உயிலில் எழுதியதைக் கொடுக்க எக்ஸிகியூட்டருக்கு, எழுதியவர் இறந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு, அது 2023 மார்ச் 11-லேயே முடிந்தது. அதன் பிறகு பணமாக எழுதிய தொகைக்கு வட்டி ஓடும். எழுதியவர் இந்துவாக இருந்தால் ஆண்டுக்கு 6 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு வருடம் 12,000. வருகிற செப்டம்பர் 11-இல் இரண்டரை ஆண்டு, 30,000. வங்கியில் இருக்கும் 1,12,000-ஐ உடனே கொடுங்கள், மீதி 1,18,000-ஐ நீங்கள் மூவரும் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள். வீடு விற்கும் வரை காத்திருந்தால் வட்டிதான் ஏறும், அவருக்கும் வயதாகிறது.

அண்ணனின் மூன்று லட்சம் வரவேண்டிய பணம். கணக்கில் அப்படியே காட்டி, வீடு விற்ற தொகையோடு சேர்த்து மூன்றாகப் பிரித்து, அவர் பங்கில் கழியுங்கள். அவர் கையெழுத்து வேண்டும்.

காலண்டர்த் தாள்களை எறியாதீர்கள். பட்டியலையும் கணக்கையும் தாமதத்துக்குக் காரணம் சொல்லும் மனுவோடு தாக்கல் செய்யும்போது அவைதான் ஆதாரம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாளிடம் பணம் கொடுக்கும்போது அசலுக்கு ஒன்று, வட்டிக்கு ஒன்று என்று இரண்டு ரசீது. ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. கைநாட்டு என்றால் சாட்சி ஒருவர். சித்தப்பாவையே கையால் கொடுக்கச் சொல்லுங்கள், ரசீது அவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.